பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய லேத்

இரும்பு, பித்தளை, அலுமினியம் முதலிய உலோகத் துண்டுகளைச் சுழலவிட்டு, இறுகப் பிடித்த உளியால் சீவி, உருளையாகவும் கூம்பாகவும் மரையாகவும் ஆக்கித் தரும் கடைசல் பொறியைத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் லேத் என்றே வழங்குகின்றன. பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காக ஒரு சிறு லேத்தை, அதுவும் முன்பே ஒருவரிடம் உழைத்துத் தேய்ந்த பழைய லேத்தை, வாங்க எண்ணுவோருக்கு எழும் ஐயங்களுள் சில இங்கே விடைபெறுகின்றன.

கேள்வி: ஏறக்குறைய ஒரே பருமனுள்ள லேத்தை ஆங்கிலேயர் மூன்றரை அங்குலம் என்கிறார், அமெரிக்கர் ஏழு அங்குலம் என்கிறார், உள்ளூர்ப் பட்டறைக்காரரோ அடிக்கணக்கில் பேசுகிறார். இவர்களில் யார் சொல்வது பொய்?

மூவரும் உண்மையே சொல்கின்றனர். அளவுகோலை வைக்கும் இடம்தான் வேறு. லேத்தின் அடிப்பகுதியாக நீண்டு கிடக்கும் வார்ப்பிரும்புத் தண்டவாளமே பெட் எனப்படும் படுக்கையாகும். அந்தப் படுக்கையிலிருந்து சுழல் மையம் வரையுள்ள உயரத்தை, அதாவது ஆரத்தை, ஆங்கிலேயர் எண்ணுகின்றனர். படுக்கையில் இடிக்காமல் சுழலக்கூடிய பொருளின் விட்டத்தை அமெரிக்கர் எண்ணுகின்றனர். இந்தியப் பட்டறைகளோ படுக்கையின் நீளத்தையே பெயராக்கி நாலரையடி லேத், ஆறடி லேத் என்கின்றன. இங்கிலாந்தின் மைஃபோர்டு எம்.எல்.7 ஆங்கிலக் கணக்கில் 3½ அங்குலம், அமெரிக்கக் கணக்கில் 7 அங்குலம். அமெரிக்காவின் சவுத் பெண்ட் 9 அங்குல லேத் ஆங்கிலக் கணக்கில் 4½ அங்குலம். எனவே 9 என்னும் எண்ணை 3½ என்னும் எண்ணோடு ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைப் போல இரண்டரை மடங்கு பெரியது என்று மகிழ்பவர் பாதி மகிழ்ச்சியைத் திருப்பித் தர நேரும். இவ்விரு எண்களுமே படுக்கைக்கு மேலுள்ள இடத்தைத்தான் சொல்லுகின்றன என்பதும், உளியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு என்னும் சறுக்குத்தட்டுக்கு மேலே நீண்ட உருளை சுழல்வதற்கான இடம் அதைவிட வெகுவாகக் குறையும் என்பதும், கேட்டால் ஒழிய எந்த விற்பனையாளரும் தாமாகச் சொல்லாத செய்திகள்.

கேள்வி: தொடங்குபவருக்கு எவ்வளவு பெரிய லேத் பொருந்தும்?

செய்ய விரும்பும் பொருளில் மிகப் பெரியது எது என்று முடிவு செய்யாதவரை இதற்கு விடையில்லை. கடிகாரத்துக்கு அச்சு கடைபவருக்கு ஆஸ்திரியாவின் யுனிமேட் போன்ற மேசைப்பொறி போதும். இரண்டு எஃகுக் கம்பிகளையே படுக்கையாகக் கொண்ட அது, ஒரு விரல் பருமனுள்ள எஃகைக் கண்டாலே முனகத் தொடங்கும். நீராவி எஞ்சினின் சிறு மாதிரிகளைச் செய்பவருக்கு 3½ முதல் 5 அங்குலம் வரை மைய உயரமுள்ள லேத் வேண்டியிருக்கும். பர்சிவல் மார்ஷல் 1898இல் லண்டனில் தொடங்கிய மாடல் எஞ்சினியர் என்னும் இதழைச் சுற்றி வளர்ந்த பொழுதுபோக்குக் கூட்டம், கொல்லைப்புறக் கொட்டகைக்குள் அடங்குவதும் சிறு ரயில் எஞ்சினுக்குச் சக்கரம் கடைந்து தருவதும் இவ்வளவே என்று பல பத்தாண்டுப் பழக்கத்தில் கண்டுகொண்டது.

பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் முதலிய ஊர்களிலிருந்து வந்து இந்தியப் பட்டறைகளில் உழைக்கும் நாலரையடி லேத்துகளும் நல்ல தேர்வே. எனினும் அவை பல நூறு கிலோ எடையுள்ளவை ஆதலால், வாங்குபவர் குடியிருப்பது தரைத்தளமா மூன்றாம் மாடியா என்பதையும் லேத்தின் குணங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: புத்தம்புதிதாக பெயின்ட் அடித்த பழைய லேத் கிடைத்தால்?

புதிய மொந்தையில் பழைய கள் என்று கொள்வதே பாதுகாப்பு. பெயின்ட் பூசக்கூடாத இடங்களாகிய எண்ணெய்த் துளைகள், அளவு வரிகள் பொறித்த வளையங்கள், இயந்திர எண் ஆகியவற்றின்மேலும் அது வழிந்திருந்தால், பூசியவர் லேத்தை ஓட்டுபவர் அல்லர், விற்பவர் மட்டுமே என்பது தெளிவாகும். எண்ணெயும் கறுத்த அழுக்கும் படிந்து, துடைத்தால் உலோகம் பளிச்சிடும் லேத் இதைவிட நம்பத்தக்கது. எண்ணெய் படிந்த உலோகத்தில் துரு ஏறாது.

கேள்வி: லேத்தின் வயதை எங்கே பார்ப்பது?

பிறந்த ஆண்டைவிட, சக்குக்கு அருகேயுள்ள ஒரு சாண் படுக்கையைப் பார்ப்பது மேல். சக் என்பது பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் தாடைகளுள்ள பற்றுக்கருவி. பட்டறையில் கடையப்படும் பொருள்களில் பெரும்பாலானவை குட்டையானவை ஆதலால், உளியைச் சுமந்து செல்லும் கேரேஜ் என்னும் ஊர்தி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை சக்கின் அருகிலேயே முன்னும் பின்னும் ஓடிக் கழிக்கிறது. அங்கே உதிரும் வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் கலந்து அரைப்புப் பசையாகிப் படுக்கையைத் தேய்க்கின்றன. எதிர்முனையில் நின்று நீண்ட பொருளுக்கு முட்டுக் கொடுக்கும் டெயில்ஸ்டாக்கின் பக்கமோ தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே கிடக்கிறது. ஒரே படுக்கையில் ஒரு முனை கிழவனாகவும் மறுமுனை குமரனாகவும் இருப்பதே பழைய லேத்தின் நோய்.

இந்நோயைக் கண்டறிய வெறுங்கையே போதும். ஊர்தியை சக்கின் அருகே கொண்டுவந்து, அதை இறுக்கும் பூட்டுத் திருகாணியை, கைச்சக்கரம் சுற்றும்போது சற்றே கனம் தெரியும் அளவுக்கு மட்டும் திருகி, பின் மெல்ல டெயில்ஸ்டாக் பக்கம் சுற்றிச் செல்ல வேண்டும். கனம் கடைசிவரை ஒரே சீராக இருந்தால் படுக்கை நலம். வழியில் கனம் கூடிக்கொண்டே போனால் தேய்மானம் உண்டு. பாதி வழியிலேயே சக்கரம் நகர மறுத்து நின்றுவிட்டால், எவ்வளவு பேரம் பேசலாம் என்பதை அந்தச் சக்கரமே சொல்லிவிடுகிறது. தேய்ந்த இடத்துக்குப் பொருந்த இறுக்கினால் தேயாத இடத்தில் சிக்கும் என்பதே இதன் காரணம். அவ்வாறு சிக்காமல் இருக்கப் பல உரிமையாளர்கள் தளர்த்தியே ஓட்டுவதால், வேலை நடக்கும் இடத்தில் ஊர்தி ஆடுகிறது, ஆடும் ஊர்தியிலுள்ள உளி பொருளில் அலை அலையாய்த் தழும்பு இடுகிறது.

தேய்மானம் உள்ள லேத் எல்லாம் ஒதுக்கத்தக்கது என்பதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு நாட்டிங்ஹாம் அருகேயுள்ள பீஸ்டனில் உருவாகத் தொடங்கிய எம்.எல்.7, தட்டையான இரண்டு தண்டவாளங்களைக் கொண்டது. அதன் ஊர்தி முன்தண்டவாளத்தின் இரு பக்கங்களை மட்டுமே வழிகாட்டியாகப் பற்றி ஓடியதால், பின்தண்டவாளத்தின் வெளிப்பக்கம் யாரும் தொடாமல் அப்படியே நிற்கும். ஊர்திக்கு ஒரு மெல்லிய பட்டையைப் பொருத்தி அந்தத் தேயாத பக்கத்தைப் பற்றச் செய்து, கிழ லேத்துக்கு இளமை திருப்பும் முறை ஆங்கில ஆர்வலரிடையே நெடுங்காலமாகப் பரவியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே தன் புதிய லேத்துகளை அவ்வாறு அமைக்கத் தலைப்பட்டது என்பது அம்முறைக்குக் கிடைத்த மறைமுகப் பாராட்டு.

கேள்வி: கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வெறுமனே சுற்றிய பிறகுதான் கிராஸ் ஸ்லைடு நகர்கிறது. அந்த லேத்தைக் கைவிடுவதா?

பேக்லாஷ் எனப்படும் இந்த வெற்றோட்டம், திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையில் விழுந்த இடைவெளி மட்டுமே. உளியை எப்போதும் ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து அளவை எட்டும் பழக்கம் உள்ளவருக்கு இது எந்தத் தீங்கும் செய்யாது. நட்டை மாற்றுவதும் எளிய செலவே. புதியவர் இதைக் கண்டு அஞ்சுவதற்கும், எளிதில் சரிசெய்ய முடியாத படுக்கைத் தேய்மானத்தைக் காணாமல் விடுவதற்கும் காரணம் ஒன்றே: கைப்பிடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, படுக்கை ஊர்திக்கு அடியில் மறைந்திருக்கிறது.

கேள்வி: பல்சக்கரங்களில் எதைப் பார்ப்பது?

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் லேத்தைப் பல்லைப் பிடித்தே பார்க்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது பேக் கியர், அதாவது ஸ்பிண்டில் என்னும் சுழலச்சின் வேகத்தைப் பெருமளவு குறைத்து வலுவைக் கூட்டும் பல்சக்கரக் கூட்டம். எம்.எல்.7இல் நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் அச்சை இக்கூட்டம் 35 சுற்றுக்கு இறக்கிவிடும். பெரிய விட்டங்களைக் கடையவும் மரை வெட்டவும் இது இன்றியமையாதது.

பழைய சிறு லேத்துகள் பலவற்றில் சக், அச்சின் முனையிலுள்ள மரையில் திருகி ஏற்றப்படுகிறது, எம்.எல்.7இல் அம்மரை 1⅛ அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 12 இழையும் உடையது. ஆண்டுக்கணக்கில் கழற்றாத சக் இறுகிப்போகும்போது, நேர் இயக்கத்தையும் பேக் கியரையும் ஒருசேரப் பூட்டி அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, சக்கை நீண்ட தடியால் நெம்புவது பொறுமையற்றவர் வழக்கம். சக் கழன்றதோ இல்லையோ, பேக் கியரில் ஒரு பல் கழன்றுவிடும். மூடியைத் திறந்து, சக்கைக் கையாலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பற்களை விரலால் தடவிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். செருகி ஒட்டவைத்த பித்தளைப் பல் தென்பட்டால் அதை மறைக்க வேண்டிய குற்றமாகக் கருதத் தேவையில்லை. உரிமையாளர்களுள் ஒருவருக்கேனும் கைத்திறன் இருந்தது என்பதற்கு அது சான்று.

கேள்வி: சுழலச்சின் பேரிங் தேய்ந்திருப்பதை எப்படி அறிவது?

ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள தடித்த கம்பியை சக்கில் பிடித்து, சக்கின் பின்னே அச்சின் தலைமேல் டயல் கேஜ் என்னும் நுண்ணசைவு காட்டும் கடிகாரத்தைப் பொருத்தி, கம்பியைக் கையால் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளீயம் கலந்த மென்னுலோகம் வார்த்த பழைய பேரிங்குகளில் எண்ணெய்க்கென்றே ஓரிடைவெளி இருக்கும் ஆதலால் முள் 0.02 அல்லது 0.03 மி.மீ. அசைவது இயல்பே, அதைப் போல இரு மடங்கு அசைந்தால் விலை அசைய வேண்டும். எம்.எல்.7இன் பேரிங் மூடிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு தகட்டை உரித்து எடுத்துத் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வாய்ப்பும் உண்டு.

அந்த வாய்ப்பு விற்பவருக்கும் உண்டு என்பதை மறக்கலாகாது. ஆட்டத்தை மறைக்க மூடியை அளவுக்கு மீறி இறுக்கிவைத்திருந்தால், நடுத்தர வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் மூடிமேல் கை வைத்தாலே தெரிந்துவிடும்: வெதுவெதுப்பு நல்லது, கை வைக்க இயலாத சூடு நல்லதன்று. அந்தக் கால் மணி நேரத்தை விற்பவரோடு தேநீர் அருந்திக் கழிக்கலாம். லேத் ஏன் விற்பனைக்கு வந்தது என்னும் கதையும் பெரும்பாலும் அப்போதுதான் வெளிவருகிறது.

கேள்வி: மூன்று தாடை சக்கில் பிடித்த கம்பி தள்ளாடிச் சுழல்கிறது. அச்சு வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மூன்று தாடைகளும் ஒருசேர மூடும் சக் பழையதாகும்போது, பிடித்த பொருள் மையத்திலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகிச் சுழல்வது எங்கும் காணப்படுவது. ஒரே பிடிப்பில் பொருளைக் கடைந்து முடித்து எடுத்தால், அதன் எல்லாப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று மையம் ஒத்தே அமையும். ஐயம் தீராதவர் சக்கைக் கழற்றிவிட்டு, அச்சினுள் உள்ள மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்புத் துளையின் உட்புறத்தில் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்க்கலாம். அங்கே முள் அசையாவிடில் குற்றம் சக்கைச் சேர்ந்தது, சக்கை மாற்றலாம். லேத்தோடு நான்கு தாடை சக்கும் வருமானால், ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகர்வதால் பிடிப்பவரின் பொறுமை எவ்வளவோ அவ்வளவு துல்லியம் அதில் கிடைக்கும்.

கேள்வி: ஓட்டிக் காட்டச் சொன்னால், என்ன கடையச் சொல்வது?

25 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பியை சக்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, டெயில்ஸ்டாக்கின் முட்டு இல்லாமல், கூரிய உளியால் மிக மெல்லிய ஒரு சீவலைக் கடைசிவரை எடுத்து, இரு முனைகளின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் அடங்கினால் தொடங்குபவருக்கு அதற்குமேல் ஆசை தேவையில்லை. வேறுபாடு கூடுதலாக இருந்தாலும் உடனே தேய்மானம் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். சமமற்ற மேசையில் போல்ட்டு போட்டு இறுக்கிய லேத், வார்ப்பிரும்பே ஆயினும், முறுக்கேறிக் கூம்பு கடையும். கால்களுக்கடியில் மெல்லிய தகடு செருகினால் நீங்கிவிடும் அக்குறையை விற்பவர் அறியாதிருந்தால், அந்த அறியாமை வாங்குபவருக்கு ஆதாயம்.

கரண்ட் இல்லை, பெல்ட் இல்லை, உளி இல்லை என்று மூன்று காரணங்கள் ஒரே மூச்சில் வந்தால், லேத்தை உதிரிப்பாகங்களின் விலைக்கே மதிக்க வேண்டும்.

கேள்வி: அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட இயலுமா?

இயலும், அதற்கு 127 பற்களுள்ள ஒரு சக்கரம் வேண்டும். மரை வெட்டும்போது ஊர்தியை இழுத்துச் செல்லும் லீட் ஸ்க்ரூ எம்.எல்.7இல் அங்குலத்துக்கு எட்டு இழை கொண்டது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மரைக்கு அச்சும் லீட் ஸ்க்ரூவும் 40க்கு 127 என்னும் விகிதத்தில் இணைய வேண்டும். 127 பகா எண்ணாக இருப்பதால் அதைவிடச் சிறிய சக்கரங்களைக் கொண்டு அவ்விகிதத்தை முற்றும் துல்லியமாகப் பெற வழியில்லை. நடைமுறைக்குப் போதுமான தோராயங்கள் உண்டு. தேவையான மாற்றுச் சக்கரங்கள் அனைத்தும் லேத்தோடு வருகின்றனவா என்று எண்ணிப் பார்க்காமல் பணம் தரக் கூடாது. சவுத் பெண்ட் 9இன் மூன்று வகைகளில் ஏ வகைக்கு நெம்புகோலை மாற்றியே இழையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி உண்டு, பி, சி இரண்டுக்கும் சக்கரங்களைக் கையால் மாற்ற வேண்டும்.

அளவு வளையம் அங்குலத்தில் இருப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. மெட்ரிக் முறை வந்து தலைமுறைகள் கடந்தபின்னும், எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை நூல் என்று சொல்லிக் கம்பி வாங்கும் நாட்டில் அங்குலம் அந்நியமன்று.

கேள்வி: லேத்தில் இருப்பது த்ரீ பேஸ் மோட்டார், வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் இணைப்பு. என்ன செய்வது?

மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் வி.எஃப்.டி. என்னும் கருவி, வீட்டின் 230 வோல்ட் ஒற்றை முனை மின்சாரத்தை 230 வோல்ட் மும்முனையாக்கித் தரும்; இந்திய மோட்டார் எதிர்பார்ப்பதோ 415 வோல்ட். மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் ஆறு கம்பி முனைகள் இருந்து, பெயர்ப்பலகையும் 230, 415 ஆகிய இரு வோல்ட் அளவுகளையும் காட்டினால், ஸ்டார் என்னும் இணைப்பை டெல்டா என்னும் இணைப்பாக மாற்றி எளிதில் ஓட்டலாம். மூன்று முனைகள் மட்டுமே வெளியே வந்திருந்தால் மோட்டார் சுற்றுபவரிடம் கொண்டுபோக வேண்டும், அல்லது சிங்கிள் பேஸ் மோட்டாரைப் பொருத்திவிட வேண்டும். வி.எஃப்.டி. தரும் வேகக்கட்டுப்பாடு சுகமானதே; எனினும் அதன் எதிர்ச்சுழற்சிப் பொத்தானும் சட்டென்று நிறுத்தும் வசதியும், மரையில் ஏற்றிய சக்கைத் தாமாகவே கழற்றிக் காலடியில் போட்டுவிடக்கூடியவை.

கேள்வி: இத்தனை தொல்லைக்குப் புதிய சீன மினி லேத்தே வாங்கிவிடலாமே?

தாராளமாக வாங்கலாம். ஷாங்காயின் சீக் முதலிய நிறுவனங்கள் செய்யும் 7 அங்குல மினி லேத் பல நிறங்களில், பல பெயர்களில் உலகெங்கும் விற்கிறது. படுக்கை தேயாதது, அளவு மெட்ரிக், மேசையில் அடங்கும். பழைய லேத்துக்கு முந்திய உரிமையாளரின் குறைகள் இருக்கும். மினி லேத்துக்கு இன்னும் முடிக்கப்படாத வேலைகள் இருக்கும், அதாவது பிசிறு நீக்குதல், சறுக்குகளைச் சரிசெய்தல், பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கு மாற்று ஒன்றை வாங்கி வைத்தல். கனமான வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்குவதில் பழையதற்கு ஈடில்லை என்பதால், நல்ல நிலையில் உள்ள பழையது கிடைக்குமானால் அதுவே மேல். கிடைக்குமானால் என்னும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: லேத்தின் விலையைத் தவிர வேறு செலவு உண்டா?

யானை வாங்கியவர் அங்குசத்துக்குத் தயங்குவதில் பொருளில்லை. உளிகள், அவற்றைத் தீட்டும் அரைப்புக்கல், டெயில்ஸ்டாக்கில் பொருத்தும் துளைக்கருவிப் பிடி, மைக்ரோமீட்டர், டயல் கேஜ், நீண்ட கம்பியைத் தாங்கும் ஸ்டெடி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கினால் லேத்தின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே ஒரே நிலையிலுள்ள இரு லேத்துகளில், துணைக்கருவிகள் நிறைந்த மரப்பெட்டியோடு வருவதே, விலை சற்றுக் கூடினாலும், மலிவானது. மைஃபோர்டின் பீஸ்டன் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்ட பின்னும் அதன் லேத்துகளுக்கு மதிப்புக் குறையாததற்கு, உதிரிப்பாகங்களும் துணைக்கருவிகளும் இன்றும் கிடைத்துவருவது ஒரு காரணம்.

கேள்வி: கையுறை அணிந்து லேத் ஓட்டலாமா?

கூடாது; மோதிரம், தொங்கும் சட்டைக்கை, துண்டு, லுங்கி எதுவும் கூடாது. சுழலும் சக் துணியை மட்டும் இழுத்துக்கொண்டு கையை விட்டுவிடுவதில்லை.

கேள்வி: லேத் வீடு வந்து இறங்கிவிட்டது. முதல் வேலை எது?

இறக்கும்போதே லீட் ஸ்க்ரூவில் கயிறு கட்டித் தூக்காமல் இருந்திருந்தால் முதல் வேலை பாதி முடிந்தது. அடுத்து, உறுதியான மேசையில் அமர்த்தி, ஒவ்வோர் எண்ணெய்த் துளையையும் தேடிக் கண்டுபிடித்து எண்ணெய் விட்டு, நுண்மையான மட்டப்பலகையைப் படுக்கையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து முறுக்கு நீங்கும்வரை கால்களைச் சரிசெய்ய வேண்டும். புதியவர்களுக்கு அந்நேரத்தில் எழும் பெரும் ஆசை, லேத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் கழுவிப் புது நிறம் அடிப்பது. அவ்வாறு பிரிக்கப்பட்டு அட்டைப்பெட்டிகளில் உறங்கும் லேத்துகள், பாதி வேலை முடிந்தது, உரிமையாளருக்கு நேரமில்லை என்னும் குறிப்போடு மீண்டும் விற்பனைக்கு வருகின்றன, அவற்றில் ஒரு திருகாணியேனும் குறைந்திருக்கும். ஒரு மாதமாவது ஓட்டி, எது ஆடுகிறது, எது இறுகுகிறது என்று அறிந்தபின், ஆடுவதை மட்டும் கழற்றினால் போதும்.